சிற்றில் சிறுபறை சிறுதேர்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் எவை என்று வினாத்தாளில் கேட்டால், நம் மாணவர்கள் தயங்காமல் எழுதிவிடுவர்: சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் குழந்தையின் கையில் வீட்டையும், பறையையும், தேரையும் சிறுமைப்படுத்திக் கொடுக்கவேண்டும் என்று நம் புலவர்களுக்கு ஏன் தோன்றிற்று என்பதை வகுப்பறையில் நாம் அதிகம் பேசுவதில்லை. உறைவதற்கு வீடு, செல்வதற்கு ஊர்தி, கேட்பதற்கு இசை. வளர்ந்த மனிதன் நாள்தோறும் புழங்கும் உலகம் முழுவதும் இம்மூன்றில் அடங்கிவிடுகிறது. அதனைக் கைக்கு அடங்கும் அளவில் முதலில் ஆடிப்பார்த்துவிட்டே குழந்தை பெரிய உலகிற்குள் நுழைகிறது.

சிறுதேர் பிள்ளைத்தமிழுக்கு முன்பே நம் இலக்கியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள், குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டித் திரிகின்றனர். தச்சர் வீட்டுப் பிள்ளைகள் செய்த, ஏறிச் செல்ல முடியாத நல்ல தேர் ஒன்றைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. எல்லாவற்றிலும் நுட்பமானது குறுந்தொகையின் 61ஆம் பாடல். தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்த சிறிய குதிரை வண்டியில் பிள்ளைகள் ஏறிச் சென்று இன்புறுவதில்லை; கையால் இழுத்தே இன்புறுகின்றனர் என்கிறாள் தோழி. ஏறுதல் வேறு, இழுத்தல் வேறு. இழுப்பதிலும் இன்பம் உண்டு. பயணத்திற்குப் பயன்படாத ஊர்தி ஒன்றை ஏன் செய்யவேண்டும், ஏன் பேணவேண்டும் என்று கேட்போருக்கு இதனினும் தெளிவான விடை கிடையாது.

இவ்விடையை இன்று நமக்கு நினைவூட்டுபவர்கள் மேலைநாட்டுப் புகைவண்டிப் பித்தர்கள். பித்தர்கள் என்பது நாம் இட்ட பெயரன்று. அவர்களுடைய வீட்டார் இட்ட பெயராக இருக்கக்கூடும்! இங்கிலாந்திலும், செர்மனியிலும், அமெரிக்காவிலும் ஐம்பது அறுபது வயதைக் கடந்த ஆடவர்கள், வீட்டின் பரணிலோ நிலவறையிலோ மேசை இட்டு, அதன்மீது தண்டவாளம் பதித்து, கைமுட்டி அளவுள்ள எஞ்சின்களை மின்விசையால் ஓட்டுகின்றனர். தண்டவாளத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. நிலையம், கைகாட்டி மரம், நடைமேடையில் காத்திருக்கும் பயணி, கடைத்தெருவில் நிற்கும் பழைய மகிழுந்து, கொல்லைப்புறக் கொடியில் உலரும் துணி ஆகிய யாவும் ஒரே அளவுவிகிதத்தில் அமையவேண்டும். இங்கிலாந்தில் பெரும்பான்மையோர் கொள்ளும் விகிதம் 76இல் ஒரு பங்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 87இல் ஒரு பங்கு. இது குழந்தை விளையாட்டுத்தானே என்று கேட்போர், அவர்களிடையே நடக்கும் ஒரு வழக்கைக் கேட்கவேண்டும்.

மெய்யான இருப்புப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1435 மில்லிமீட்டர். இதனை 87ஆல் வகுத்தால் பதினாறரை மில்லிமீட்டர் வரும். ஐரோப்பியர் அந்த அகலத்தில் பாதை அமைத்தனர், கணக்கு சரி. இங்கிலாந்தில் ஓடும் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அவற்றை அதே விகிதத்தில் செய்தால் அக்காலத்து மின்பொறி உள்ளே அடங்கவில்லை. எனவே வண்டியை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டுப் பாதையைப் பதினாறரை மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டனர். முறைப்படி இருக்கவேண்டியது 18.83 மில்லிமீட்டர். குறைவது இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்தக் குறையைப் பொறுக்கமாட்டாதவர்கள், சக்கரமும் தண்டவாளமும் தம் கையாலேயே செய்துகொண்டு சரியான அகலத்தில் வண்டி ஓட்டுகின்றனர். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத குறைக்கு ஏன் இத்தனை பாடு என்கின்றனர். ஒற்று மிகாத இடத்தில் ஒற்று மிக்கு அச்சானால் உறக்கம் கெடும் தமிழாசிரியராகிய நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இக்கலை செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. இன்று விலைகள் அப்படித்தான் உள்ளன. ஆனால் தோற்றம் அவ்வாறன்று. லிவர்ப்பூல் நகரில் எழுத்தராகப் பணியாற்றிய பிராங்க் ஹார்ன்பி, தம் பிள்ளைகளுக்காக உலோகத் தகட்டைக் கையால் வெட்டித் துளையிட்டு, திருகாணியால் பூட்டி விளையாடும் துண்டுகளைச் செய்தார். அதற்குக் காப்புரிமை பெறப் பணம் இல்லை. தம் முதலாளியிடம் ஐந்து பவுண்டு கடன் பெற்று 1901இல் பதிவு செய்தார். அதுவே பின்னாளில் 'மெக்கானோ' என்று உலகெங்கும் பரவிற்று. 1920இல் அவர் பெயரில் சாவிகொடுத்து ஓட்டும் புகைவண்டி வந்தது. சின்னஞ்சிறு மகிழுந்துகளான 'டிங்கி' பொம்மைகளும் அதே தொழிற்சாலையில் பிறந்தவையே. உலகத்துப் பிள்ளைகளின் கைக்கு இரயிலையும் மோட்டாரையும் கொண்டுவந்து சேர்த்தவர் பொறியியல் பயின்றவர் அல்லர். மாலையில் வீடு திரும்பிய ஒரு தந்தை.

தந்தை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் மற்றொருவர். கனடா நாட்டின் டொரான்டோ நகரில் 1945இல் பிறந்த நீல் யங், அமெரிக்க மெல்லிசை உலகின் மிகப்பெரிய பெயர்களுள் ஒன்று. இசையைப் பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதத்துள் நாம் ஈண்டுப் புகவில்லை. அவர் பாடிய பாடல்களைக் காட்டிலும், அவருடைய தொழுவத்தில் ஓடிய பொம்மைப் புகைவண்டியே நம் கருத்தைக் கவர்கிறது.

இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு மீண்டவர் அவர். சிறுவனாக இருந்தபோதே லயனெல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மின்சாரப் பொம்மை இரயிலின்மீது பற்றுக்கொண்டார். ஜோசுவா லயனெல் கோவன் என்பவர் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. புகழும் பொருளும் சேர்ந்தபின் கலிபோர்னியாவில் உள்ள தம் பண்ணையில் பெரிய கொட்டகை ஒன்றையே இரயில் ஓட்டுவதற்கு ஒதுக்கினார். இதுவரை கேட்டால் செல்வர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று கடந்துவிடலாம். கடக்க முடியாத செய்தி இனித்தான் வருகிறது.

அவருடைய மகன்களுள் ஒருவர் 1978இல் பிறந்தவர். மூளை முடக்குவாதத்தால் கைகால்களை இயக்கவும் வாய்விட்டுப் பேசவும் இயலாதவர். அந்தப் பிள்ளையும் தந்தையும் சேர்ந்து விளையாடவேண்டும். எப்படி விளையாடுவது? வழக்கமான இரயில் விசைப்பெட்டியில் நுண்ணிய பிடியைத் திருகவேண்டும். அது அப்பிள்ளையால் ஆகாது. எனவே அழுத்தினால் போதும் என்னும்படி பெரிய பொத்தான் ஒன்றால் வண்டியை ஓட்டவும் நிறுத்தவும் வழிசெய்தார். அந்த முயற்சி வளர்ந்து, கையில் ஏந்திய கருவியால் கம்பியின்றிப் பல வண்டிகளைத் தனித்தனியே இயக்கும் முறையாக 1990களில் சந்தைக்கு வந்தது. இத்துறையில் பல காப்புரிமைகளில் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் உண்டு. 1995இல் லயனெல் நிறுவனத்தையே வாங்கிய குழுவில் அவரும் ஒரு பங்குதாரர். வணிகம் என்ற வகையில் அது வெற்றியாக நிலைக்கவில்லை. 2004இல் நிறுவனம் நொடிப்பு மனு அளித்து, 2008இல் மீண்டு எழுந்தது. இலாபக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு இக்கதை அங்கே முடிந்துபோகும். பேசாத பிள்ளை தன் விருப்பத்தால் ஒரு வண்டியை நகரச் செய்த அந்த நொடியை எந்தக் கணக்கில் எழுதுவது?

பேச்சற்ற மகனோடு உறவாட வேண்டும் என்னும் அதே தவிப்பு அவருடைய இசையிலும் புகுந்தது. 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த 'டிரான்ஸ்' என்னும் தொகுப்பில், தம் குரலை மின்கருவியால் உருமாற்றிப் புரிந்துகொள்ள இயலாத ஒலியாக்கிப் பாடினார். கேட்டவர்கள் முகம் சுளித்தனர். தம் இயல்புக்கு மாறான பாடல்களைத் தருகிறார் என்று இசைத்தட்டு நிறுவனமே 1983இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. சொல்ல முயன்றும் சொல்ல முடியாத ஒரு பிள்ளையின் நிலையே அந்த ஒலியில் உள்ளது என்பதைப் பின்னர் அவரே விளக்கினார். பேச்சும் உடலும் ஒருங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக அவருடைய அக்கால மனைவி பெகி யங்கும் பிறரும் 1980களில் 'பிரிட்ஜ்' பள்ளியைத் தோற்றுவித்தனர். அதன்பொருட்டு 1986 முதல் 2016 வரை, இடையில் ஓராண்டு நீங்கலாக, ஆண்டுதோறும் இசைநிகழ்ச்சிகள் நடந்தன.

மோட்டார்ப் பித்தும் அவரை விடவில்லை. 1959ஆம் ஆண்டு செய்யப்பட்ட, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள லிங்கன் காண்டினென்டல் மகிழுந்து ஒன்றை மின்சாரத்தால் ஓடும்படி மாற்றியமைத்தார். 2010இல் கிடங்கில் தீப்பிடித்து அது பெரிதும் எரிந்தது. மீண்டும் செய்தார். சிறுதேரை மகனுக்காகத் திருத்தியவர் பெருந்தேரைத் தமக்காகத் திருத்தினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவ்வளவு எண்ணெய் குடிக்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்ததே பிழை என்று நமக்குப் படுகிறது, அது கிடக்கட்டும்.

இனி, நம் பக்கம் வருவோம். நேரம் அமானிதம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வீண் கேளிக்கையில் காலத்தைப் போக்காதே என்னும் அறிவுரை நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கிறது. அவ்வறிவுரையில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எது வீண் என்பதை யார் முடிவு செய்வது? பழைய வானொலியைப் பிரித்து அடுக்கும் பையன், அட்டைப் பெட்டியில் பேருந்து செய்யும் பையன், படகு செதுக்கும் பையன் ஆகியோரைப் பத்தாம் வகுப்பு வந்தவுடன் நாம் அதட்டி உட்கார வைத்துவிடுகிறோம். பின்னர் விசா வந்தவுடன் வளைகுடாவுக்கு அனுப்புகிறோம். ஈட்டிய பொருளோடு அவன் திரும்புகிறான். விடுமுறையில் என்ன செய்வதென்று அறியாமல் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் கைப்பேசிக்கும் தன் பொழுதை ஒப்படைக்கிறான். வீண் என்று நாம் பறித்த இடத்தில் மெய்யான வீண் வந்து அமர்ந்துகொண்டது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தமையை அபூதாவூது நபிமொழித் தொகுப்பு பதிவு செய்துள்ளது. பொம்மைகளுக்கு நடுவே துணியால் ஆன இரு சிறகுகள் உடைய குதிரை ஒன்று நின்றது. குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தன என்று தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் விடை பகர்ந்தார்கள். அது கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். போர்ப்பயணத்திலிருந்து இல்லம் திரும்பிய நேரம் அது என்பதையும் கவனிக்கவேண்டும். களைத்து வந்த தலைவர், இஃதென்ன வீண் வேலை என்று கேட்கவில்லை.

கருவிகளைக் கொண்டு விளையாடுவதும் இசுலாமிய அறிவுலகுக்குப் புதியதன்று. தியார்பக்கிர் நகரில் ஆர்த்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜசரி, 1206இல் நிறைவு செய்த தம் பொறிநூலில், யானைக் கடிகாரத்தையும், நீரின்மீது மிதந்து குழலும் யாழும் முழவும் இயக்கும் பாவைகள் அமைந்த படகையும் விளக்கியுள்ளார். பயனுள்ள நீரிறைக்கும் பொறிகளும் அதே நூலில்தான் உள்ளன. பாவையையும் ஏற்றத்தையும் ஒரே மனம், ஒரே கை படைத்தது.

விளையாட்டிலிருந்து பெரும்பயன் விளைந்தமைக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் மாதிரி இரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். சிலர் மேலே வண்டிகளுக்கு வண்ணம் தீட்டினர். சிலர் மேசைக்கு அடியில் புகுந்து, தொலைபேசி நிலையத்துப் பழைய கருவிகளைக் கொண்டு வண்டிகளின் போக்கை நெறிப்படுத்தினர். மேசைக்கு அடியில் கிடந்த அவ்விளைஞர்களுள் சிலரே 1950களின் இறுதியில் கணிப்பொறியின்முன் போய் அமர்ந்தனர். 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்னும் கணிப்பொறி விளையாட்டு அவ்வட்டத்தில் பிறந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த பீட்டர் சாம்சன் கணிப்பொறியை இசைக்க வைத்தார். 'ஹேக்கர்' என்னும் சொல்லும் அச்சங்கத்தாரின் பேச்சுவழக்கிலிருந்து பரவியதே. அன்று அதற்குத் திருட்டுப் பொருள் இல்லை, நேர்த்தியான வேலை செய்பவன் என்பதே பொருள். பெற்றோரிடம் வாதாட இச்சான்று மாணவர்க்கு உதவும். ஆயினும் இதனை நம் முதன்மை வாதமாக வைக்க நமக்கு மனம் இல்லை. நாளைக்குப் பொருள் தரும் என்பதற்காக இன்றைக்கு விளையாட விடுவது, வட்டிக்கு விடுவது போன்றது. அதற்கும் நம்மிடம் தடை உண்டல்லவா?

நம் துறைக்கு நேரே பாடம் சொல்வது வேறொரு மேசை. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயரில், லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் பென்டன் அருங்காட்சியகம் உள்ளது. நிறுவியவர் ராய் இங்லண்ட். பெயரில் இங்கிலாந்து இருந்தாலும் அவர் ஆசுதிரேலியாவிலிருந்து 1925இல் வந்த இளைஞர். இரயில் பார்க்க ஆசைப்பட்டுச் சுற்றியவர், வெண்குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதியின் சிற்றூர்களைக் கண்டு மயங்கினார். பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டும் மாற்றப்பட்டும் மறைவதையும் கண்டார். தடுத்து நிறுத்த அவரிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. எனவே அளந்தார். வீடுகளை அளந்து, படம் எடுத்து, அட்டையால் சுவர் செய்து, செங்கல் செங்கலாகக் கீறி வண்ணம் தீட்டி, 76இல் ஒரு பங்கு அளவில் ஓர் ஊரையே மேசைமீது எழுப்பத் தொடங்கினார். 1954இல் அருங்காட்சியகம் அமைந்தது. 1920, 30களின் சிற்றூர் வாழ்க்கை, தோட்டத்துப் பூச்செடி வரை அங்கே உறைந்து நிற்கிறது. ஒரு குடிசைக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்த தொண்டர்கள் உண்டு. ஜான் ஏஹர்ன் என்பவர் 1930களில் செய்யத் தொடங்கிய 'மேடர் பள்ளத்தாக்கு' இரயில் அமைப்பும் இப்போது அங்கேதான் இருக்கிறது. தண்டவாளத்தைவிட, அது செல்லும் ஊரே பெரிது என்று முதலில் உணர்ந்து காட்டியோருள் அவரும் ஒருவர். இரயில் பார்க்கப் போனவர்கள் வீடு கட்டித் திரும்பினர். சிறுதேர் சிற்றிலில் வந்து சேர்ந்தது.

இதனை நம் மாணவர் செய்தல் ஆகாதா? நம் ஊர்களின் பழைய தெருக்கள் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கின்றன. ஓட்டு வீடு போய்க் காரை வீடு வருகிறது. வரட்டும், ஒழுகும் வீட்டில் வாழச்சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் திண்ணை போனால் திண்ணை என்னும் சொல்லும், அதில் நடந்த பேச்சும் போகும். தாழ்வாரம், முற்றம், அரங்கு, மாடக்குழி, நிலைப்படி, உத்தரம், தாழ்ப்பாள் ஆகியவற்றை அகராதியில் தேடிப் பொருள் எழுதும் மாணவன் வந்துவிட்டான், விடைத்தாளில் காண்கிறோம். காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறத்தே பெண்கள் தம்முள் வந்துபோகப் புழங்கும் முடுக்கு, வேறெங்கும் எளிதிற் காணக் கிடைக்காத அமைப்பு. சொற்பொருள் விளக்கம் எழுதி அதனைக் காக்க முடியாது. அதன் அகலம் எவ்வளவு, எந்தக் கதவு எதன் எதிரே திறக்கிறது, வெயில் எப்போது விழுகிறது என்று தெரிந்தால்தான் அச்சொல் நமக்கு உயிரோடு கிடைக்கும்.

எனவே கல்லூரி நிருவாகத்தாரிடமும் துறைத் தோழர்களிடமும் நாம் வேண்டுவது இது. ஆய்வேடு என்ற பெயரில் பத்து நூல்களைப் பார்த்து எழுதிய நூறு பக்கங்களை ஆண்டுதோறும் பைண்டு செய்து அடுக்குகிறோம். அவற்றுள் ஒன்றுக்கு மாற்றாகவேனும், மாணவர் நால்வர் சேர்ந்து ஒரு தெருவை அளந்து செய்யட்டும். பள்ளிவாசல், அதன் ஹவுள், மையவாடிச் சுவர், தேநீர்க் கடை, மாட்டுவண்டி நின்ற இடம், முதன்முதல் அத்தெருவுக்கு வந்த அம்பாசிடர் மகிழுந்து ஆகிய யாவும் இடம்பெறட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் அத்தெருவார் வழங்கும் பெயரை மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும். வாப்பாமார் கடைத்தெருவைச் சொல்வர். வீட்டின் உட்புறத்தை உம்மாமார் சொன்னால்தான் தெரியும். ஆதலின் மாணவியர் இல்லாமல் இவ்வேலை முடியாது. எந்த ஆண்டின் தெருவைச் செய்வது என்னும் வழக்கு வரும்; மூத்தோர் 1960 என்பர், இளையோர் 1990 என்பர். அவ்வழக்கே ஒரு மாலைக் கருத்தரங்குக்குப் போதும்.

செலவு குறித்து அஞ்சவேண்டியதில்லை. அட்டை, பசை, கத்தி, நீர்வண்ணம், அளவுநாடா போதும். ஓரடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று கொண்டால் 76இல் ஒரு பங்கு விகிதம் வந்துவிடும். ஆறடி உயரமுள்ள தலைவாசல் 24 மில்லிமீட்டர். இரண்டடி உயரத் திண்ணை எட்டு மில்லிமீட்டர். இரயில் வராத ஊர்களில் தண்டவாளம் பதிக்கத் தேவையில்லை. இரயில் வந்து நின்றுபோன ஊர்களில் மீட்டர் பாதையின் அகலம் ஒரு மீட்டர்தான் என்பதை மறவாமல், 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக அளந்து பதிக்கவேண்டும்.